பணம் போன தேதி ஒண்ணு, கணக்கில் ஏறின தேதி ஒண்ணு: டெக்ஸ்ட் ஃபைல் கணக்கில் இதை எப்படி எழுதுவது?



2024 மார்ச் 28, வியாழக்கிழமை. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ராத்திரி எட்டு மணி வாக்கில் ஒரு இஎல்எஸ்எஸ் ஃபண்டில் 40,000 ரூபாய் போட்டேன். அந்த வருஷம் நான் பழைய வரி முறையில் இருந்தேன். 80சி-யின் 1,50,000 ரூபாய் வரம்பை நிரப்ப சரியா அந்த 40,000 தான் பாக்கி. யுபிஐ-யில் பணம் போச்சு, எஸ்எம்எஸ் வந்துச்சு, என் கணக்கு ஃபைலில் மார்ச் 28-னு தேதி போட்டு எழுதிட்டுத் தூங்கிட்டேன். ஏப்ரலில் வருஷக் கணக்கு ரிப்போர்ட் எடுத்தப்போ 80சி-க்கு நேரா 1,50,000 என்று அழகா நின்னுச்சு.

ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தப்போ தான் விஷயம் தெரிஞ்சுது. ஃபண்ட் நிறுவனத்தின் வரிச் சலுகை ஸ்டேட்மென்டில் அந்த 40,000 இல்லவே இல்லை. யூனிட் ஒதுக்கிய தேதி 2024 ஏப்ரல் 1. அதாவது அடுத்த நிதியாண்டு.

என்ன நடந்தது? மியூச்சுவல் ஃபண்டுக்கு மதியம் மூணு மணி கட்-ஆஃப். அதுக்குள் ஆர்டரும் போயிருக்கணும், பணமும் ஃபண்டின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். நான் போட்டது ராத்திரி எட்டு மணிக்கு, அதனால் அடுத்த வேலை நாள் என்ஏவி. மறுநாள் மார்ச் 29 புனித வெள்ளி, மார்க்கெட் லீவு. 30 சனி, 31 ஞாயிறு. அடுத்த வேலை நாள் ஏப்ரல் 1. ஆடிட்டரா இருக்கும் நண்பரிடம் கேட்டேன். "ஸ்டேட்மென்டில் இல்லாததை க்ளெய்ம் பண்ணி நோட்டீஸ் வாங்கணுமா, விட்டுடுப்பா" என்றார். விட்டுட்டேன். 20% ஸ்லாப், 4% செஸ் சேர்த்தா 8,320 ரூபாய்.

ரூல் தெரியாமல் போட்டது என் தப்பு. ஆனா எனக்கு அதைவிட உறுத்தினது வேற. தினமும் கணக்கு எழுதுற ஆள் நான். ஏப்ரல் முதல் வாரத்திலேயே "இந்த 40,000 மார்ச் 31 அன்னைக்கு ஃபண்டில் இல்லை"ன்னு என் ஃபைல் எனக்குச் சொல்லியிருக்கணும். சொல்லலை. ஏன்னா நான் அதுக்குக் கொடுத்தது ஒரே ஒரு தேதி.

இன்னைக்குப் பாடம் அது தான். லெட்ஜர், எச்லெட்ஜர், பீன்கவுன்ட் மாதிரி டெக்ஸ்ட் ஃபைல் கணக்கு மென்பொருளில், ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு தேதி வந்தால் என்ன செய்யலாம்? வீடியோவில் ஸ்க்ரீனைக் காட்டி வேகமா ஓட்டின இடங்களை இங்கே நிதானமாப் பார்ப்போம்.

புதுசா வந்தவங்களுக்கு மட்டும்

சாதாரண நோட்பேட் ஃபைலில் நம் வரவு செலவை எழுதி வைப்போம். மென்பொருள் அதைப் படிச்சு ரிப்போர்ட் மட்டும் தரும். ஃபைல் நம்மகிட்டயே இருக்கும், ஆப் கடையை மூடிட்டுப் போனாலும் கணக்கு போகாது. 2003-ல் ஜான் வீக்லி எழுதிய லெட்ஜர் தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 2007-ல் சைமன் மைக்கேல் ஆரம்பிச்சது எச்லெட்ஜர். பீன்கவுன்ட், மார்ட்டின் ப்ளே எழுதினது. மூணுக்கும் அடிப்படை ஒண்ணு தான்: ஒவ்வொரு பதிவிலும் பணம் ஒரு கணக்கிலிருந்து கிளம்பி இன்னொரு கணக்குக்குப் போகும், கூட்டினால் பூஜ்யம் வரணும்.

நான் பயன்படுத்துறது எச்லெட்ஜர், அதனால் உதாரணங்கள் அந்த வடிவத்தில். கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், தாராளமா வேலை செய்யும். எது சொத்து, எது கடன், எது செலவு என்பதை மட்டும் ஃபைலின் மேலே ஒரு தடவை அறிவிச்சிடணும், ஏன்னா அதுக்குத் தானாப் புரியுறது ஆங்கிலப் பெயர்கள் தான். இன்னொண்ணு, கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவில் குறைஞ்சது இரண்டு ஸ்பேஸ் விடுங்க. தொகையில் கமா போடாதீங்க: 2,400 என்று எழுதினால், நீங்க முன்னாடியே வடிவத்தை அறிவிக்காத வரை, எச்லெட்ஜர் அந்தக் கமாவைத் தசமப் புள்ளியா எடுத்துக்கிட்டு இரண்டு ரூபாய் நாற்பது பைசான்னு கணக்கு போட்டுடும். நான் பட்டது.

முதல் வழி: ஒரே வரியில் இரண்டு தேதி

தேதிக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டு இன்னொரு தேதி எழுதலாம். லெட்ஜரிலும் எச்லெட்ஜரிலும் இது உண்டு.

```
2024-03-28=2024-04-01 * இஎல்எஸ்எஸ் முதலீடு
    சொத்து:ஃபண்ட்:இஎல்எஸ்எஸ்    ₹40000
    சொத்து:வங்கி:சம்பளம்       ₹-40000
```

சாதாரணமா ரிப்போர்ட் எடுத்தால் முதல் தேதி. டேட்2 என்ற ஆப்ஷனைச் சேர்த்து எடுத்தால் இரண்டாவது தேதி. எழுதுறதுக்கு இதைவிடச் சுலபம் வேற இல்லை.

பிரச்சினை எங்கேன்னா, அந்த இரண்டாம் தேதி முழுப் பதிவுக்கும் சேர்த்துத் தான். மார்ச் 31 அன்னைக்கு என் நிலைமை என்னன்னு கேட்டுப் பாருங்க. முதல் தேதிப்படி எடுத்தால் வங்கி சரி, ஆனா ஃபண்டில் இல்லாத 40,000 இருக்குறதாக் காட்டும். இரண்டாம் தேதிப்படி எடுத்தால் ஃபண்ட் சரி, ஆனா வங்கியில் எப்பவோ போன 40,000 இன்னும் இருக்குறதாக் காட்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து சரியா இருக்கும் ரிப்போர்ட்டே கிடையாது.

அதோட, "இரண்டாம் தேதி"ன்னா என்ன அர்த்தம்ங்கிறது நம்ம இஷ்டம். மென்பொருளுக்கு அது தெரியாது. நான் ஆரம்பத்தில் கார்டு செலவுக்கு முதல் தேதியா வாங்கின நாளையும், ஃபண்டுக்கு முதல் தேதியா யூனிட் வந்த நாளையும் போட்டு ஆறு மாசம் ஓட்டிட்டேன். அப்புறம் எந்த ரிப்போர்ட்டை எந்த ஆப்ஷனில் எடுக்கணும்னு எனக்கே குழப்பம். எச்லெட்ஜரின் கையேடே இந்த வசதியை எச்சரிக்கையோட தான் சொல்லுது: கணக்கு சிக்கலாகும், ஒழுங்கா ஒரே விதியைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும், முடிஞ்சா அடுத்து வரும் வழியைப் பாருங்கன்னு.

இரண்டாவது வழி: ஒவ்வொரு வரிக்கும் தனித் தேதி

ஒரு பதிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அதனதன் தேதியைக் கொடுக்கலாம். வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட்டு, சதுர அடைப்புக்குறிக்குள் தேதி.

```
2024-03-28 * இஎல்எஸ்எஸ் முதலீடு
    சொத்து:ஃபண்ட்:இஎல்எஸ்எஸ்    ₹40000  ; [2024-04-01]
    சொத்து:வங்கி:சம்பளம்       ₹-40000
```

இப்போ வங்கி மார்ச் 28, ஃபண்ட் ஏப்ரல் 1. இரண்டுமே நிஜம். எந்த ஆப்ஷனும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம், எல்லா ரிப்போர்ட்டிலும் தானா சரியா வரும். இதை மட்டும் 2024-ல் எழுதியிருந்தா, மார்ச் 31 வரைக்கும்னு 80சி ரிப்போர்ட் எடுத்தப்போ 1,10,000-னு காட்டியிருக்கும். போன பணம் திரும்பி வந்திருக்காது தான். ஆனா ஜூலை வரைக்கும் ரீஃபண்ட் வரும்னு கனவு கண்டிருக்க மாட்டேன்.

குறை ஒண்ணு இருக்கு. மார்ச் 28-லிருந்து ஏப்ரல் 1 வரைக்கும் அந்த 40,000 எங்கே? வங்கியிலும் இல்லை, ஃபண்டிலும் இல்லை. மார்ச் 31 அன்னைக்கு மொத்த சொத்து எவ்வளவுன்னு கேட்டால் 40,000 குறையும், கூட்டினால் பூஜ்யம் வரவேண்டிய கணக்கு பூஜ்யத்துக்கு வராது. ஏப்ரல் 1 அன்னைக்குத் திரும்ப வந்துடும். மாசக் கடைசியில் சொத்து மதிப்பை கிராஃப் போட்டுப் பார்க்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு இது தேவையில்லாத படபடப்பு.

மூணாவது வழி: "வழியில்" என்று ஒரு கணக்கு

ஊருக்கு பஸ் ஏறின பிள்ளை சென்னையிலும் இல்லை, வீட்டுக்கும் வரலைன்னா எங்கே இருக்கான்? வழியில். பணத்துக்கும் அப்படி ஒரு இடம் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது.

```
2024-03-28 * இஎல்எஸ்எஸ், பணம் கிளம்பியது
    சொத்து:வழியில்:ஃபண்ட்      ₹40000
    சொத்து:வங்கி:சம்பளம்       ₹-40000

2024-04-01 * இஎல்எஸ்எஸ், யூனிட் வந்தது
    சொத்து:ஃபண்ட்:இஎல்எஸ்எஸ்    ₹39998
    செலவு:ஸ்டாம்ப் ட்யூட்டி        ₹2
    சொத்து:வழியில்:ஃபண்ட்      ₹-40000
```

அந்த இரண்டு ரூபாய் என்னன்னு பார்க்கிறீங்களா? 2020 ஜூலை 1-லிருந்து மியூச்சுவல் ஃபண்ட் வாங்கும்போது 0.005% ஸ்டாம்ப் ட்யூட்டி உண்டு. 40,000-க்கு இரண்டு ரூபாய். ஸ்டேட்மென்டில் 39,998-னு இருக்கும்போது மண்டையைப் பிச்சுக்காம இருக்க இதையும் எழுதிடுங்க.

இதில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே தேதி. எந்த நாளில் நிறுத்திக் கேட்டாலும் கூட்டல் சரியா வரும். மார்ச் 31 அன்னைக்கு வங்கி சரி, ஃபண்ட் சரி, "வழியில்" கணக்கில் 40,000 நிக்கும். ஒரே பார்வையில், இது இன்னும் போய்ச் சேரலைன்னு தெரியும். எனக்கு அன்னைக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு வரி தான்.

பீன்கவுன்டில் முதல் இரண்டு வழியும் அப்படியே கிடையாது. ஒரு பதிவுக்கு ஒரு தேதி தான், மேலே வேணும்னா தனி ப்ளகின். மார்ட்டின் ப்ளே எழுதின ஆவணத்திலேயே இந்த மாதிரி இடைக் கணக்கு வச்சுக்கும் முறையை விளக்கியிருக்கார். அதனால் இந்த வழியைப் பழகிட்டா மூணு மென்பொருளிலும் ஓட்டலாம், நாளைக்கு மாறினாலும் இந்த முறையை மாத்த வேண்டியிருக்காது.

தொல்லை என்னன்னா, எழுதுற வேலை இரட்டிப்பு. டீ குடிச்சதுக்கெல்லாம் இதைப் பண்ணினா ஒரு வாரத்தில் கணக்கு எழுதுறதையே விட்டுடுவீங்க. அதனால் எதுக்கு வேணும், எதுக்கு வேண்டாம்னு பிரிச்சுக்கணும்.

எங்கே கவலைப்படணும், எங்கே வேண்டாம்

யுபிஐ-யில் கடைக்குக் கொடுத்தது, ஐஎம்பிஎஸ்: உடனே போகும், ஒரே தேதி. என்இஎஃப்டி 2019 டிசம்பர் 16-லிருந்து 24 மணி நேரமும் ஓடுது, அரை மணிக்கு ஒரு பேட்ச். ராத்திரி பதினொன்றரைக்கு மேல் அனுப்பினா மட்டும் தேதி மாற வாய்ப்பு. இதுக்கெல்லாம் ஒரே தேதி போதும்.

க்ரெடிட் கார்டில் தான் நம்மில் பலருக்குக் குழப்பம். ஸ்வைப் பண்ணின தேதி ஒண்ணு, வங்கி பதிவு பண்ணின தேதி ஒண்ணு, பில் போடும் தேதி ஒண்ணு, கட்ட வேண்டிய கடைசி தேதி ஒண்ணு. உங்க பில் தேதி 15-ன்னு வைங்க. 14-ஆம் தேதி மளிகை வாங்குறீங்க, அது 16-ஆம் தேதி பதிவாகுது. பட்ஜெட்டுக்கு இது 14-ஆம் தேதி செலவு. கார்டு பில்லுக்கு இது அடுத்த மாசக் கணக்கு. நான் என்ன பண்றேன்னா, எல்லாச் செலவையும் வாங்கின தேதியில் ஒரே தேதியா எழுதிடுவேன். பில் தேதியை ஒட்டி வரும் மூணு நாலு பதிவுக்கு மட்டும் இரண்டாவது வழி, கார்டு வரிக்கு மட்டும் தனித் தேதி:

```
2025-06-14 * மளிகை
    செலவு:மளிகை         ₹2400
    கடன்:கார்டு           ₹-2400  ; [2025-06-16]
```

இப்போ 15-ஆம் தேதி வரைக்கும் கார்டு பாக்கி எவ்வளவுன்னு எச்லெட்ஜரைக் கேட்டா, பில்லில் இருக்கும் தொகையோட ரூபாய் பிசகாமல் பொருந்தும். அந்த இரண்டு நாள் மொத்தக் கூட்டல் பூஜ்யத்துக்கு வராதே? வராது தான். ஆனா 14, 15 தேதியில் நான் சொத்துக் கணக்கு பார்க்கிறதில்லை, மாசக் கடைசியில் தான் பார்ப்பேன். உங்க பில் தேதி மாசக் கடைசியா இருந்தா மட்டும் மூணாவது வழிக்குப் போங்க.

கார்டு பில் கட்டுறது வேற கதை. வங்கியிலிருந்து போன நாளுக்கும் கார்டில் வரவாகுற நாளுக்கும் ஒண்ணு ரெண்டு நாள் இடைவெளி வரலாம். கடைசி தேதிக்கு மேல் மூணு நாள் தாண்டினால் தான் லேட் ஃபீஸ் போடலாம்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதை நம்பிக் கடைசி நாளில் கட்டாதீங்க. பில் கட்டுறதை நான் எப்பவும் "வழியில்" கணக்கு வழியாத் தான் எழுதுறேன். கார்டில் வரவானதைக் கண்ணால் பார்த்த பிறகு தான் இரண்டாவது பதிவு.

பிபிஎஃப் போடுறவங்க இதைக் கவனிங்க. ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கும் குறைந்தபட்ச பாக்கிக்குத் தான் வட்டி. ஏப்ரல் 4 அன்னைக்கு வங்கியிலிருந்து 1,50,000 போய், பிபிஎஃப் கணக்கில் 6-ஆம் தேதி ஏறினா, அந்தத் தொகைக்கு ஏப்ரல் மாச வட்டி கிடையாது. 7.1% வட்டியில் ஒரு மாசத்துக்கு 887 ரூபாய் 50 பைசா. ஃபைலில் 4-ஆம் தேதின்னு மட்டும் எழுதியிருந்தா, வருஷக் கடைசியில் வட்டி ஏன் குறைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

ஷேர் வாங்கி விக்கிறவங்களுக்கு: 2023 ஜனவரி 27-லிருந்து எல்லாப் பங்குக்கும் டி+1, அதாவது இன்னைக்கு வித்தால் அடுத்த வேலை நாளில் பணம். ஒரு வருஷம் வச்சிருந்தோமா இல்லையான்னு பார்க்க வேண்டியது வாங்கின, வித்த தேதியைத் தான், செட்டில்மென்ட் தேதியை இல்லை. அதனால் பதிவின் முக்கியத் தேதி வாங்கின நாளாவே இருக்கட்டும், பணம் "வழியில்" கணக்கில் ஒரு நாள் தங்கட்டும்.

ஆபீஸ் டூர் போயிட்டு க்ளெய்ம் போடுற பணம் இரண்டு மாசம் கழிச்சு வந்தா அது தேதிப் பிரச்சினையே இல்லை, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். "சொத்து:வரவேண்டியது" என்று தனிக் கணக்கு போடுங்க. மார்ச் சம்பளம் ஏப்ரலில் வர்ற கம்பெனிகளுக்கும் இதே தான். வரியில் அது எந்த வருஷத்துக்குப் போகுதுங்கிறதை மட்டும் ஃபார்ம் 16-ஐப் பார்த்து முடிவு பண்ணுங்க.

ஒரு வருஷ ப்ரீமியத்தைப் பிரிக்கணுமா?

ஹெல்த் இன்ஷூரன்ஸ் 14,400 ரூபாய் ஜூனில் மொத்தமாக் கட்டிட்டு, "ஜூன் மாசம் செலவு எகிறிடுச்சே"ன்னு புலம்புறவங்க உண்டு. லெட்ஜரில் இதுக்கு ஒரு வசதி இருக்கு: சதுர அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டு ஒவ்வொரு மாசத் தேதியையும் கொடுத்து, 1,200 ரூபாயாப் பன்னிரண்டு வரி எழுதலாம். இரண்டாம் தேதிப்படி ரிப்போர்ட் எடுத்தா மாசம் 1,200-னு பரவி நிக்கும்.

சம்பளக்காரங்களுக்கு இது அவ்வளவு அவசியம்னு நான் நினைக்கலை. ஜூனில் நிஜமாவே 14,400 கையைவிட்டுப் போச்சு, அந்த வலி ரிப்போர்ட்டிலும் தெரியட்டும். தெரிஞ்சா தான் அடுத்த வருஷம் மே மாசமே எடுத்து வைப்போம்.

ஸ்டேட்மென்டோட சரிபார்க்கும்போது ஒரு பொறி

வங்கி ஸ்டேட்மென்டின் கடைசி பாக்கியை ஃபைலில் எழுதி, "இந்தத் தேதியில் இவ்வளவு இருக்கணும், இல்லைன்னா கத்து"ன்னு மென்பொருளிடம் சொல்லி வைக்கலாம். எச்லெட்ஜரில் இப்படி:

```
2025-06-30 * ஸ்டேட்மென்ட் பாக்கி
    சொத்து:வங்கி:சம்பளம்    ₹0 = ₹52310
```

இங்கே மூணு மென்பொருளும் மூணு மாதிரி. லெட்ஜர், ஃபைலில் எழுதின வரிசையில் சரிபார்க்கும். எச்லெட்ஜர், தேதி வரிசையில் சரிபார்க்கும், வரிக்குத் தனித் தேதி கொடுத்திருந்தா அந்தத் தேதியை எடுத்துக்கும். பீன்கவுன்ட், நீங்க எழுதின தேதியின் *ஆரம்பத்தில்* இருக்கும் பாக்கியைப் பார்க்கும். அதனால் ஜூன் 30 முடிவுப் பாக்கியை அதில் ஜூலை 1-னு தான் எழுதணும். பீன்கவுன்ட் பழகின முதல் மாசம், ஒரே நாள் வித்தியாசத்தில் கணக்கு இடிச்சுக்கிட்டே இருந்ததுக்கு எனக்கு இதான் காரணம். இரண்டு சனிக்கிழமை போச்சு.

இப்போ என் வழக்கம் இது தான்: மாசத்தின் கடைசி நாள் ராத்திரி, "வழியில்" என்று தொடங்கும் கணக்குகளின் பாக்கியை மட்டும் எடுத்துப் பார்ப்பேன். பூஜ்யமா இருந்தா லேப்டாப்பை மூடிடுவேன். ஏதாவது நின்னா, அது எந்தத் தேதியில் கிளம்பினதுன்னு பார்ப்பேன். மூணு வேலை நாளுக்கு மேல் ஆகியிருந்தா வங்கிக்கோ ஃபண்டுக்கோ போன். மார்ச்சில் மட்டும் 20-ஆம் தேதியே ஒரு தடவை பார்த்துடுவேன், அதுக்கு மேல் வரிச் சேமிப்புக்குன்னு எதுவும் போடுறதில்லை. மாதிரி ஃபைல் வீடியோவுக்குக் கீழே இருக்கு. அதில் என் 40,000 ரூபாய் பதிவும் மூணு விதமா எழுதி வச்சிருக்கேன், மார்ச் 31 தேதி கொடுத்து மூணையும் ஓட்டிப் பாருங்க.